ஓடும் வீடியோவிலிருந்து ஒரு படம்: கோடு எழுதுவோருக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

வாசலில் யார் வந்தார்கள் என்று பார்க்க, மொட்டை மாடியில் பிரம்மகமலம் மலர்வதைப் பதிவு செய்ய, அப்பா அம்மாவின் கல்யாண கேசட்டிலிருந்து நாலு நல்ல படம் எடுக்க என்று வீட்டிலேயே சின்னதாக நிரல் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பைதானும் ஓபன்சிவியும் தெரிந்தால் பத்து வரியில் வேலை முடிந்துவிடும். அந்தப் பத்து வரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். பூ அடுத்த மாதம்கூட மலரலாம். வாசலுக்கு வந்து போனவர் மறுபடி அதே நிமிடத்தில் வரப்போவதில்லை. ஆகையால் சேமிக்கிற வரியில் கொஞ்சம் கூடுதல் அக்கறை வேண்டும்.

1. கோடு எழுதுமுன் பேப்பரில் ஒரு கணக்குப் போடுங்கள். 1920 x 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். பெருக்கினால் 62,20,800 பைட், அதாவது ஏறக்குறைய 6.2 எம்பி. நொடிக்கு 25 ஃப்ரேம் வீதம் சுருக்காமல் சேமித்தால் ஒரே நிமிடத்தில் 9.3 ஜிபி போய்விடும். சுருக்குவது இங்கே விருப்பமல்ல, கட்டாயம். எத்தனை ஃப்ரேம், எந்த வடிவம், என்ன தரம் என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு கீபோர்டில் கை வையுங்கள்.

2. வெப்கேமிடம், ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும் 'எம்ஜேபெக்' வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பல வெப்கேம்கள் எதுவும் சொல்லாவிட்டால் சுருக்காத வடிவத்தில், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் அனுப்பும். முழு எச்டி அளவில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 124 எம்பி. யூஎஸ்பி 2.0 கேபிளின் ஏட்டளவு வேகமே நொடிக்கு 60 எம்பிதான். நடைமுறையில் அதிலும் குறைவு. அதனால் கேமரா தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தத்தித் தத்தி வரும். கேமராவைத் திறந்ததும் முதலில் வடிவத்தை எம்ஜேபெக் என்று அமைத்து, அதன் பிறகு அகலம், உயரம், வேகம் என்ற வரிசையில் கொடுங்கள். கொடுத்ததோடு விடாமல் அதே மதிப்புகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கேமராவுக்கு ஒத்துவராத அளவைக் கேட்டால், அது பிழை எதுவும் சொல்லாமல் தனக்குத் தெரிந்த வேறோர் அளவுக்குப் போய்விடும்.

3. கேமரா திறந்ததும் வருகிற முதல் சில ஃப்ரேம்களைத் தள்ளிவிடுங்கள். வெளிச்சத்தையும் வெள்ளை நிறத்தையும் கேமரா அனுசரித்துக்கொள்ள ஒரு நொடியோ இரண்டு நொடியோ ஆகும். அதற்கு முன் எடுத்த படம் இருட்டாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். சுருக்கும்போது எந்தத் தரம் கொடுத்தாலும் அந்தக் குறை போகாது.

4. 'இம்ரைட்' கட்டளை திருப்பித் தரும் விடையைக் கட்டாயம் பாருங்கள். ஓபன்சிவியில் ஆரம்பிப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். நீங்கள் குறிப்பிட்ட ஃபோல்டரே இல்லையென்றால்கூட நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் பெரும்பாலும் வராது. பொய் என்று பொருள்படும் ஒரு விடை மட்டும் வரும். அதைப் படிக்காத நிரல் இரவு முழுவதும் ஓடி, காலையில் ஒரு படமும் இல்லாமல் நிற்கும். 'ரீட்' கட்டளைக்கும் இதே விதி. அது முதலில் தரும் விடை மெய்யா பொய்யா என்று பார்த்த பிறகே ஃப்ரேமைத் தொட வேண்டும். ஃபோல்டரை நிரலே உருவாக்கிக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிக் கவலை விட்டது.

5. தர எண்ணைப் புரிந்துகொண்டு கொடுங்கள். ஓபன்சிவியில் ஜேபெக் தரம் 0 முதல் 100 வரை. நீங்கள் சொல்லாவிட்டால் அது 95 என்று எடுத்துக்கொள்ளும். இது சதவீதக் கணக்கு அல்ல. 95 என்றால் படத்தில் 95 சதவீதம் மிஞ்சுகிறது என்று பொருளில்லை. உள்ளே நடப்பதை ஒரு முறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டால் பிறகு எண் தேர்ந்தெடுப்பதில் குழப்பமே வராது.

ஜேபெக் படத்தை 8 x 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 புள்ளிகளையும் வேறு 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்து வருபவை மெல்ல மாறும் நிழல்கள். கடைசி எண்கள் நுணுக்கமான கோடுகள், துணி நெசவு, தலைமுடி போன்றவை. பிறகு ஒவ்வொரு எண்ணையும் ஒரு பட்டியலில் உள்ள எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கிவிடுகிறது. தகவல் பெருமளவு இழக்கப்படுவது இந்த இடத்தில்தான். தரம் 50 என்றால் பட்டியலின் முதல் வகுக்கும் எண் 16, கடைசி எண் 99. தரம் 95 ஆனால் அவை 2, 10 என்று சுருங்கும். 85 ஆனால் கடைசி எண் 30. 75 ஆனால் 50. இப்போது ஒரு கட்டத்தின் கடைசி மூலையில் 23 என்ற மதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 95இல் அது 2 ஆகச் சேமிக்கப்பட்டு, படம் திறக்கும்போது 20 ஆகத் திரும்பும். 85இல் 1 ஆகி, 30 ஆகத் திரும்பும். 75இல் 0 ஆகிவிடும். அந்த நுணுக்கம் படத்திலிருந்து அடியோடு போய்விட்டது. பூஜ்யங்கள் பெருகப் பெருகக் கோப்பு சிறுக்கும்.

வாசல் கேமராவுக்கு 80 தாராளம். முகம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய படம் என்றால் 88 முதல் 92. 95க்கு மேல் போவதில் பலன் மிகக் குறைவு, கோப்பு மட்டும் வேகமாக வீங்கும்.

புள்ளிகளை இப்படி வேறு எண்களாக மாற்றுகிற கணித முறையை யோசித்தவர் 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் இதை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் ஒப்புக்கொள்ளப்பட்ட ஜேபெக் தரநிலை இதன் மேல்தான் நிற்கிறது. பின்னால் வந்த வீடியோ சுருக்க முறைகளில் பெரும்பாலானவையும் அப்படியே. இந்தப் பெயர்களை நம் பள்ளிக் கணினிப் பாடத்தில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

6. ஒரே எண்ணை எல்லா மென்பொருளுக்கும் கொடுக்காதீர்கள். ஓபன்சிவியிலும் பைதானின் இன்னொரு பட நூலகமான பில்லோவிலும் எண் கூடினால் தரம் கூடும்; ஆனால் பில்லோவில் நீங்கள் சொல்லாதபோது 75. வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் அப்படியே தலைகீழ்: 2 மிக உயர்ந்த தரம், 31 மிக மட்டம். அங்கே 2 முதல் 5 வரை கொடுப்பது நல்லது; எண்ணே கொடுக்காமல் விட்டால் பல சமயம் கட்டம் கட்டமாகச் சிதைந்த படம் வரும். உலாவியில் கேன்வாஸிலிருந்து படம் எடுக்கிறவர்களுக்கு அளவுகோல் 0 முதல் 1 வரை. அங்கே 80 என்று கொடுத்தால் வரம்புக்கு வெளியே என்று தள்ளிவிட்டு, உலாவி தன் விருப்பத் தரத்தையே பயன்படுத்தும். நீங்கள் கேட்ட வடிவம் உலாவிக்குத் தெரியாவிட்டாலும் பிழை வராது. பிஎன்ஜியாகச் சேமித்துக் கொடுத்துவிடும். ஆகவே வந்த கோப்பின் வகையைச் சரிபாருங்கள்.

7. முகம் நீலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிற வரிசை மாறியிருக்கிறது. ஓபன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் ஃப்ரேமை வைத்திருக்கும். பில்லோவும் மற்ற பலவும் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கும். ஓபன்சிவியில் எடுத்து ஓபன்சிவியிலேயே சேமித்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஒரு முறை மாற்றுங்கள். இரண்டு இடத்தில் மாற்றினால் பழையபடி நீல முகம்தான். சோதிக்கக் கேமரா முன் ஒரு தக்காளியைக் காட்டினால் போதும், உடனே தெரிந்துவிடும்.

8. வடிவத்தைக் காட்சிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். மனிதர், மரம், தெரு எல்லாவற்றுக்கும் ஜேபெக். திரையில் ஓடும் பாடம், எழுத்து, வரைபடம் இவற்றுக்கு பிஎன்ஜி. எழுத்தின் கூர்மையான ஓரத்தில் ஜேபெக் அழுக்குப் படிந்த மாதிரி நிழல் உண்டாக்கும். பிஎன்ஜியில் ஒரு புள்ளிகூட மாறாது. பிஎன்ஜிக்கு 0 முதல் 9 வரை ஓர் எண் உண்டு. அது தரத்துக்கான எண் அல்ல, சுருக்க எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கானது. 9 கொடுத்தால் நேரம்தான் கூடும். ஓடிக்கொண்டே சேமிக்கும் நிரலுக்கு 1 அல்லது 2 போதும்.

வெப்பி வடிவம் 2010இல் கூகுள் வெளியிட்டது. ஒத்த தரத்தில் பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பு தரும், ஆனால் சுருக்க நேரம் கூடுதல். ஓபன்சிவியில் வெப்பிக்குத் தர எண் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் இழப்பில்லாத முறையில் சேமிக்கும், கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிதாகும்.

9. எல்லா ஃப்ரேமையும் சேமிக்காதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த இதைவிடச் சிறந்த வழி இல்லை. தரத்தை 90இலிருந்து 70க்குக் குறைத்து முகத்தைக் கெடுப்பதைவிட, தேவையில்லாத ஃப்ரேமைச் சேமிக்காமலே விடுவது எவ்வளவோ மேல். முந்தைய ஃப்ரேமையும் இப்போதைய ஃப்ரேமையும் கருப்பு வெள்ளையாக்கி, சிறிதாக்கி, லேசாக மங்கலாக்கிக் கழித்துப் பாருங்கள். ஓபன்சிவியில் 'ஆப்ஸ்டிஃப்' என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. வித்தியாசம் 25க்கு மேல் உள்ள புள்ளிகளை எண்ணி, மொத்தத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சேமிக்கலாம். இந்த எண்களை உங்கள் வாசலுக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். காற்றில் ஆடும் வேப்பங்கிளையும் கொடியில் காயும் துணியும் இருக்கும் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டால் வீண் படங்கள் பெரும்பாலும் குறைந்துவிடும்.

10. ஒரு நிகழ்வுக்குப் பத்து ஃப்ரேம் இருந்தால் அதில் கூர்மையானதை நிரலே தேர்ந்தெடுக்கட்டும். 'லாப்லாசியன்' வடிகட்டியை ஓட்டி, வரும் மதிப்புகளின் பரவலை அளந்தால் மங்கலான படத்துக்குச் சிறிய எண்ணும் தெளிவான படத்துக்குப் பெரிய எண்ணும் கிடைக்கும். ஒரே காட்சிக்குள் மட்டுமே ஒப்பிடுங்கள். இரவுப் படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சலையும் இது கூர்மை என்று எண்ணிவிடும்.

11. கல்யாண கேசட்டுக்குத் தனி மரியாதை கொடுங்கள். நம் நாட்டில் அந்தக் கால கேசட்டுகள் பெரும்பாலும் 'பால்' (PAL) முறையில் பதிவானவை. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றாலும், ஒவ்வொன்றும் நொடியில் 50இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஒன்றும் தெரியாது. மாலை மாற்றும் இடத்தில் ஃப்ரேமை நிறுத்தினால் கையும் மாலையும் சீப்புப் பற்களாகப் பிளந்து நிற்கும். அப்படியே ஜேபெக் ஆக்கினால், அந்தப் பற்களை நுணுக்கமான விவரம் என்று நினைத்து அதற்கே இடத்தைச் செலவழிக்கும். கோப்பும் பெரிது, படமும் கெடுதல்.

சேமிக்குமுன் இரண்டு பாதிகளையும் பிரித்துவிட வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் 'யாடிஃப்' என்ற வடிகட்டி இதைச் செய்யும். பைதானிலேயே முடிக்க வேண்டுமானால் இரட்டைப்படை வரிகளை மட்டும் எடுத்து உயரத்தை இருமடங்காக்குங்கள். கொஞ்சம் மென்மையாகத் தெரியும், ஆனால் கை கையாக இருக்கும். இன்னொன்று: பதிவாகும் அளவு 720 x 576, ஆனால் புள்ளிகள் சதுரமல்ல. 768 x 576 ஆக அகலப்படுத்திச் சேமித்தால்தான் முகங்கள் உள்ளபடி இருக்கும். இல்லையென்றால் எல்லோரும் சற்று ஒடுங்கித் தெரிவார்கள். தரத்தை இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். தேர்ந்தெடுத்த படங்கள் சிலதான்; பிஎன்ஜியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

12. பிரம்மகமலம் போல மெதுவாக நடப்பதைப் பதிவு செய்ய, இரவு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை 30 நொடிக்கு ஒரு ஃப்ரேம் போதும். 480 படங்கள் வரும். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 நொடி வீடியோ. கேமராவின் தானியங்கி வெளிச்சத்தையும் தானியங்கி ஃபோகஸையும் நிறுத்திவையுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, வீடியோ மினுக்கும்.

13. படத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் சேமிக்குமுன் செய்யுங்கள், 'இன்டர் ஏரியா' முறையில் செய்யுங்கள். சாதாரண முறையில் குறைத்தால் கம்பிக் கதவு, ஜரிகைக் கட்டம் போன்ற இடங்களில் இல்லாத அலைகள் தோன்றும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு 1280 அகலம் தாராளம்.

14. கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையை வையுங்கள். 20250114-063005 என்று வைத்தால் பெயர்வரிசையே கால வரிசையாகிவிடும். நேரத்துக்கு நடுவே முக்காற்புள்ளி போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது. நொடிக்கு ஒன்றுக்கு மேல் சேமித்தால் மில்லி நொடியும் சேர வேண்டும், இல்லையேல் ஒன்றின் மேல் ஒன்று எழுதி அழியும். ஃபோன் கேமராபோல ஓபன்சிவி படத்துக்குள் தேதியை எழுதிவைப்பதில்லை, பெயர்தான் ஒரே சாட்சி.

15. நாளுக்கு ஒரு ஃபோல்டர் போதாமலும் போகலாம். 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் பொதுவாக ஃபேட்32 முறையில் வரும். அதில் ஒரு ஃபோல்டருக்கு 65,536 பதிவுகள்தான் எல்லை. மேலே சொன்னது போன்ற நீளப் பெயர் ஒன்றுக்கு மூன்று பதிவுகள் செலவாகும். ஆக சுமார் 21,800 படங்களோடு ஃபோல்டர் நிறைந்துவிடும். நொடிக்கு ஒரு படம் எடுத்தால் ஆறு மணி நேரம். கார்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அதற்கு மேல் எழுதாது. மணிக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துவிடுங்கள், தேடுவதற்கும் சுலபம்.

16. கரன்ட் போகும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், மேல்பாதி படமும் கீழ்பாதி சாம்பல் நிறமுமாக ஒரு கோப்பு மிஞ்சும். 'இம்என்கோட்' கட்டளையால் படத்தை முதலில் நினைவகத்திலேயே ஜேபெக் ஆக்குங்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்து, கடைசியில் சரியான பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் நின்றாலும் தற்காலிகப் பெயருள்ள கோப்புதான் கெட்டிருக்கும்; நல்லதும் கெட்டதும் கலக்காது.

17. சேமிக்கும் வேலையைத் தனி இழையில் வையுங்கள். மெமரி கார்டு அவ்வப்போது தாமதிக்கும். அந்த நேரத்தில் கேமராவிலிருந்து படிக்கும் பகுதி காத்திருந்தால் ஃப்ரேம் தவறும். நடுவே ஒரு வரிசை வைத்து, அதற்கு 50, 100 என்று ஓர் எல்லையும் வையுங்கள். எல்லை இல்லாத வரிசை ரேமை முழுவதும் தின்றுவிடும். சி++ மொழியில் எழுதுகிறவர்கள் ஃப்ரேமை வரிசையில் போடும்போது 'க்ளோன்' செய்தே போடுங்கள். செய்யாவிட்டால் வரிசையில் உள்ள எல்லாப் படமும் ஒரே படமாக மாறிப்போக வாய்ப்பு உண்டு.

18. ஐபி கேமராவில் மணியடித்த பிறகு எடுத்த படத்தில் வெறும் வாசல் தெரிகிறதா? வரிசையில் தேங்கியிருந்த பழைய ஃப்ரேம் வந்திருக்கிறது. நிரல் எப்போதும் 'க்ராப்' கட்டளையால் ஃப்ரேம்களை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்படும் கணத்தில் மட்டும் 'ரிட்ரீவ்'. பல கேமராக்களில் ஸ்னாப்ஷாட்டுக்கென்றே தனி முகவரி உண்டு. அதைக் கேட்டால் கேமராவே ஜேபெக்காகத் தந்துவிடும், அப்படியே எழுதிக்கொள்ளலாம். கேமரா கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள். நிரலை யாருக்காவது அனுப்பும் நாளில் அதுவும் சேர்ந்து போகும்.

19. சேமித்த ஜேபெக்கைத் திறந்து, தேதி எழுதி, மறுபடி ஜேபெக்காகச் சேமிப்பது வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஐந்தாம் குறிப்பில் சொன்ன வகுத்தல் மறுபடி நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எழுத வேண்டியது, வெட்ட வேண்டியது, திருப்ப வேண்டியது எல்லாவற்றையும் ஃப்ரேமிலேயே செய்துவிட்டு ஒரே ஒரு தடவை சுருக்குங்கள். ஏற்கெனவே அழுத்திச் சுருக்கிய வீடியோவிலிருந்து எடுக்கும் ஃப்ரேமுக்கு 100 கொடுப்பதும் வீண். வீடியோவில் இல்லாத தெளிவு படத்தில் வராது. அப்படிப்பட்ட வீடியோவில் கீ ஃப்ரேம்கள் மற்றவற்றைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் அவற்றை மட்டும் எடுக்கச் சொல்ல வழி உண்டு.

20. பழைய படங்களை அழிக்கும் வரியையும் முதல் நாளே எழுதுங்கள். வாசல் படங்களுக்கு இரண்டு வாரம் போதும்; தபால்காரர், பால்காரம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் முகங்களை மாதக்கணக்கில் நாம் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. கேசட்டை ஓட்டி எடுத்த அசல் வீடியோ கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம். இரண்டு இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை படர்ந்துவிட்டால் இன்னொரு முறை ஓட்ட முடியுமோ முடியாதோ.